விளக்கு வையாத வளவுகள்

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் மாலை மங்கும் வேளையில் நடந்து செல்பவர், அயலில் எத்தனை வீடுகளில் ஆளிருக்கிறது என்பதை அறிய எவரையும் விசாரிக்க வேண்டியதில்லை. விளக்கேற்றிய வீடுகளை எண்ணினாற் போதும். இரண்டு விளக்குகளுக்கு இடையே இருண்டு கிடக்கும் வளவு சில ஒழுங்கைகளில் ஒன்று. சிலவற்றில் மூன்று நான்கு. படலை துருப்பிடித்த கம்பியாற் கட்டப்பட்டிருக்கும். மதிலின்மேல் அரசங்கன்று வேர்விட்டிருக்கும். தலைவாசலின் ஓடுகள் சரிந்து, முற்றத்துப் பற்றை இடுப்பளவு உயர்ந்து நிற்கும். யாருடைய வளவு என்று கேட்டால், "அவர்கள் எல்லோரும் வெளியிலே" என்று விடை வரும்.

அந்த "வெளியிலே" என்ற சொல்லுக்குள் நாற்பது ஆண்டுகளின் வரலாறு அடங்கியிருக்கிறது. 1983ஆம் ஆண்டு யூலைக்குப் பின்னர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் இளைஞர் திரள் திரளாகச் செல்லலாயினர். 1990ஆம் ஆண்டு யூனில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு எழுந்தனர். அவர்களுடைய நிலம் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. 2009இன் பின்னரே அது கட்டங்கட்டமாக விடுவிக்கப்படலாயிற்று. மயிலிட்டித் துறைமுகம் மீண்டும் மக்கள் கைக்கு வந்தது 2017ஆம் ஆண்டிலேதான். அதே 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வெளியேற்றப்பட்டனர். யாழ் நகரில் இருந்தோருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணிநேரமே. சோனகதெருவின் கூரையிழந்த சுவர்கள் அந்த நாளின் சாட்சிகளாக நெடுங்காலம் நின்றன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்தின் பெரும்பகுதி மக்கள் மழையில் நனைந்தவாறு தென்மராட்சியை நோக்கி நடந்தனர். 2000ஆம் ஆண்டில் தென்மராட்சியே போர்க்களமாயிற்று.

இன்றைய யாழ் மாவட்டத்தின் எல்லைக்குள் 1981ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணிப்பின்படி ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 2012ஆம் ஆண்டுக் கணிப்பில் அத்தொகை ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். இயற்கையாகப் பெருகியிருக்க வேண்டிய தொகையையும் சேர்த்து எண்ணுவோருக்கு, இருண்டு கிடக்கும் வளவுகளின் கணக்கு விளங்கிவிடும்.

திரும்பி வந்தவர்களுக்கு உதவி கிடைக்கவில்லை என்பதற்கில்லை. இந்திய வீடமைப்புத் திட்டம் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகளை இலக்காகக் கொண்டது. புதிய வீடொன்றுக்கு 5½ இலட்சம் ரூபா வழங்கி, பயனாளி தாமே முன்னின்று கட்டுவிக்கும் முறை அதிற் கையாளப்பட்டது. ஆனால் அந்த உதவி ஊரில் வாழ்பவருக்கு உரியது. வராதவருடைய வீட்டுக்கு எவரும் பணம் கொடுக்கவில்லை, கொடுத்திருக்கவும் கூடாது. ஆகவே புதிய வீட்டின் பக்கத்திலே பாழ்வீடு அப்படியே நின்றது. அந்தப் பாழ்வீடு அயலை என்ன செய்கிறது, அதனை யாரும் ஏன் ஒன்றும் செய்ய முடியாதிருக்கிறது என்பவையே இங்கு விளக்கவேண்டியவை.

வீடு அழிவது கூரையிலிருந்து தொடங்குகிறது. ஓர் ஓடு நழுவினாற் போதும். ஆளிருக்கும் வீட்டில் மறுநாளே ஏணி வைத்து அதைச் சரிசெய்துவிடுவர். ஆளில்லாத வீட்டில் ஐப்பசி மழை அந்த இடைவெளியால் இறங்குகிறது, சிலாகை நனைகிறது, நனைந்த மரத்தைக் கறையான் நாடுகிறது, அடுத்த ஆண்டு பத்து ஓடுகள் விழுகின்றன. பனந்தீராந்தி நூறாண்டு நிற்கும் என்று பெரியோர் சொல்வது உண்மையே; நனையாதிருக்கும்வரைதான் அது உண்மை. கூரை போனபின் சுண்ணாம்புச் சாந்துச் சுவர் கரைகிறது. நடுமுற்றத்தில் ஆகாயம் தெரியும்படி கட்டிய நாற்சார் வீடுகள், இறுதியில் எல்லா அறைகளிலும் ஆகாயம் தெரியும்படி ஆகிவிடுகின்றன. இதற்கிடையில் கதவு, நிலை, யன்னற் கம்பி, ஓடு என்று ஒவ்வொன்றாய் இரவில் நடந்து போய்விடுவதும் உண்டு.

இந்த இழப்பு உடையவருக்கு மட்டுமே ஆனால், அது அவருடைய பாடு என்று விட்டுவிடலாம். அயலுக்கு நேரும் கேடு வேறு. அவற்றுள் முதன்மையானது கிணறு.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறைகளின் வெடிப்புகளாலும் பொந்துகளாலும் இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. கிணறுகள் எல்லாம் அந்த ஒரே நீரைத் தொடுபவை. ஆகவே "என் கிணறு, உன் கிணறு" என்பது நிலத்தின் மேலுள்ள பேச்சே ஆகும்; கீழே அந்த வேறுபாடு இல்லை. ஆளில்லா வளவின் கிணற்றுக்குள் ஊரார் குப்பையும், செத்த நாயும், பழைய மின்கலமும் எறிந்தால், அது அடுத்த வளவின் குடிநீருக்குள் எறிந்ததற்குச் சமம். எறிபவர்களுள் அந்த அடுத்த வளவுக்காரரும் இருப்பார் என்பது வருந்தத்தக்க உண்மை.

கிணற்றினால் வரும் கேடு அதனோடு முடிவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு செப்தெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அதே ஆண்டின் முடிவில் மன்னாரில், இந்நாட்டில் அதற்குமுன் காணப்படாத அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்னும் நுளம்பு கண்டறியப்பட்டது. பின்னர் அது யாழ் நகரிலும் காணப்பட்டது. இந்தியாவில் நகரங்களுக்கு மலேரியாவைக் கொண்டுசெல்லும் இந்த நுளம்பு காட்டு நீரோடையைத் தேடுவதில்லை. கிணறும் தண்ணீர்த் தொட்டியுமே அது விரும்பும் இடங்கள். அள்ளப்படாமல் அசைவற்று நிற்கும் கிணற்றுநீர் அதற்கு அமைந்த தொட்டில். டெங்கு நுளம்போ இன்னும் எளிய வாழ்க்கையுடையது. உடைந்த பானை, தேங்காய்ச் சிரட்டை, கவிழ்ந்த ஓட்டின் குழி ஆகியவையே அதற்குப் போதும். முட்டை பறக்கும் நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு கிழமை செல்லும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், நுளம்பு பெருகாதபடி தம் இடத்தை வைத்திருக்கும் கடமையை உடையவர்மீதும் குடியிருப்பவர்மீதும் சுமத்துகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கட்டளைப் பத்திரத்துடன் வருகிறார். குடியிருப்பவர் இல்லை, உடையவர் தொரன்ரோவில். பத்திரத்தைப் படலையில் ஒட்டிவிட்டுச் செல்வதைத் தவிர அவர் வேறென்ன செய்யக்கூடும்?

இரண்டு பாழ்வளவுகளுக்கு நடுவே தனித்து வாழும் ஒரு முதியவளின் நிலையை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். பற்றைக்குள்ளிருந்து பாம்பு வருகிறது. வேலிக்குக் கதியால் போடுவதானால் எல்லையைக் காட்டுவதற்கு மறுபக்கத்தில் ஆளில்லை. தானே போட்டாலோ, "எங்கள் காணிக்குள் இரண்டடி தள்ளிப் போட்டாள்" என்று இலண்டனிலிருந்து தொலைபேசி வருகிறது. இரவில் நாய் குரைத்தால் யாரை அழைப்பது? முன்பு பெயர் சொல்லிக் கூப்பிடும் தொலைவில் நான்கு குடும்பங்கள் இருந்தன. இப்பொழுது பிள்ளைகள் அவளையும் நகரத்துக்கு வரும்படி வற்புறுத்துகின்றனர். அவள் போனால் அந்த ஒழுங்கையில் மூன்றாவது வளவும் இருண்டுவிடும். பாழ் என்பது தொற்றுவது என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட முடியாது. குடும்பங்கள் குறையப் பள்ளிக்கூடத்தில் மாணவர் தொகை குறைகிறது. மாணவர் குறைந்தால் ஆசிரியரை மாற்றுகின்றனர். ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு அருகே குடியேறுவதற்கு எந்த இளந்தாய் விரும்புவாள்?

அவ்வாறாயின் உடையவர்கள் ஏன் வாளாவிருக்கின்றனர்? வெளிநாட்டுக்குப் போனவர்களுக்கு ஊர்ப்பற்று இல்லை என்று கூறிவிடுவது எளிது. அது நியாயமான கூற்று அன்று. கோயிற் கோபுரத்துக்கும் பள்ளிக்கூட மண்டபத்துக்கும் பணம் அனுப்புபவர்கள் அவர்களே. தம் சொந்த வீட்டுக்கு ஓர் ஓடு போட அவர்களால் இயலாதிருப்பதன் காரணம் உறுதிப் பெட்டிக்குள் இருக்கிறது.

நான்கு பரப்பு வளவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே நான்கு பரப்பென்பது நாற்பது பேர்ச். அதைச் சீதனமாகப் பெற்ற தாய் உயில் எழுதாமல் இறந்தாள். பிள்ளைகள் நால்வர், அவர்களும் காலமாக, ஒவ்வொருவருக்கும் நான்கு பிள்ளைகள். இப்பொழுது பதினாறு பேருக்குப் பிரிபடாத பங்கு. ஒருவருக்கு இரண்டரைப் பேர்ச். ஒரு வீடு கட்ட அனுமதி பெறுவதற்கும் போதாது. பதினாறு பேரில் ஐவர் கனடாவில், நால்வர் பிரித்தானியாவில், இருவர் பிரான்சில், ஒருத்தி நோர்வேயில், இருவர் கொழும்பில், ஒருவர் ஊரில். எஞ்சிய ஒருவர் 2009ஆம் ஆண்டில் வன்னியிற் காணாமற்போனவர்.

இந்தப் பதினாறு பேரும் ஒப்பமிட்டாலன்றி வளவு முழுவதையும் விற்க முடியாது. நெடுங்காலக் குத்தகைக்கும் கொடுக்க முடியாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி காணிக் கைமாற்றம் நொத்தாரிசின் முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். வெளிநாட்டில் உள்ளோர் ஒவ்வொருவரும் அற்றோர்ணித் தத்துவம் அனுப்ப வேண்டும். ஒருவர் தம் பங்கை மட்டும் விற்க முற்பட்டால், தேசவழமையும் 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் முதலில் வாங்கும் உரிமையைத் தருகின்றன. அந்நியர் கையிற் குடும்பக் காணி போகாதிருக்கச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு, ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தேசவழமை எழுத்தில் தொகுக்கப்படுவதற்கு முன்பிருந்தே வழக்கில் இருந்தது. பங்காளிகள் ஒரே குறிச்சியில் வாழ்ந்த காலத்துக்கு அது பொருந்திற்று. ஐந்து நாடுகளிற் பரந்திருப்போருக்கு ஒவ்வொருவராய் அறிவித்தல் கொடுத்து விடைபெறுவதற்குள் வாங்க வந்தவர் வேறு காணி பார்த்துவிடுவார்.

இன்னொரு முடிச்சும் உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமை மட்டுமே உடையவருக்குக் காணியை விற்பதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. மரபுரிமையாக வந்த பங்கை அவர் வைத்திருக்கலாம். இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்கு விலக்கு உண்டு. ஆயினும் பணமும் மனமும் உள்ள கனடியப் பேரன் ஒருவன், மற்றையோரின் பங்குகளை விலைக்கு வாங்கி வீட்டைப் புதுக்க எண்ணினால், முதலில் இலங்கைக் குடியுரிமையை மீளப் பெற வேண்டியவனாகிறான்.

காணாமற்போனவரின் பங்கோ எல்லாவற்றிலும் கடினமானது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், போர் முதலிய காரணங்களாற் காணாமற்போய் ஓராண்டு கடந்தோருக்கு மரணப் பதிவு பெற வழிவகுத்தது. ஆனால் மகன் இறந்துவிட்டான் என்று எழுதிய தாளில் ஒப்பமிட எத்தனை தாய்மார் இசைவர்? அந்தத் துயரை உணர்ந்தே 2016இல், இறந்தார் என்று கூறாமல் காணப்படவில்லை என்று மட்டும் சான்றளிக்கும் பத்திரத்துக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. அது தாய்க்கு ஓரளவு ஆறுதல். ஆயினும் அவர் இறந்தவராக எண்ணப்படாதவரை அவருடைய பங்கு அவருடையதே. அதற்கு ஒப்பமிடும் கை இல்லை. இந்த வளவு விற்கப்படாமற் கிடப்பதைக் குறைகூறுவோர், அதன் பதினாறு பங்குகளில் ஒன்று ஒரு தாயின் காத்திருப்பு என்பதையும் அறிதல் வேண்டும்.

சரி, விற்க வேண்டாம். யாரையாவது இருத்தலாமே என்பர். இங்கேதான் அச்சம் குறுக்கிடுகிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பிறர் காணியைப் பத்தாண்டுகள் இடையூறின்றி, உடையவருக்கு எதிராக ஆண்டுவந்தவருக்கு அதில் உரிமை பிறக்கும் என்கிறது. "ஆட்சி உறுதி" என்று ஊர்வழக்கிற் சொல்வது அதையே. ஒருவரை வீட்டில் இருத்திவிட்டுப் பத்தாண்டுக்குப் பின் வந்து கேட்டால், "இது என் ஆட்சி" என்று சொல்லிவிடுவான் என்பது வெளிநாட்டில் இருப்போரின் நெஞ்சில் உறைந்த பயம். வாடகைக்குக் குடியிருப்போரை எழுப்ப முடியாதபடி 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் கொடுத்த பாதுகாப்பின் நினைவும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. முடிவு யாது? ஆளை இருத்திக் காணியை இழப்பதிலும், ஆளின்றி வீட்டை இழப்பது மேல் என்று அவர்கள் துணிகின்றனர். கறையான் தின்ற வீடாயினும் உறுதி தம் பெயரில் இருக்கும் அல்லவா?

இந்தப் பயம் முழுவதும் பொய்யன்று. ஆனால் சட்டத்தைப் பாதி படித்ததனால் வந்த பயம். அதே 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, வாடகை கொடுத்தோ, விளைவிற் பங்கு கொடுத்தோ, ஊழியம் செய்தோ, வேறு எவ்வகையிலேனும் மற்றவரின் உரிமையை ஒப்புக்கொண்டோ இருப்பவருடைய ஆட்சியை எதிராட்சியாகக் கொள்வதில்லை. அனுமதி பெற்று இருப்பவன், அனுமதியோடு இருக்கும்வரை, எத்தனை ஆண்டு இருந்தாலும் உரிமையாளன் ஆகான். ஆண்டுக்கு ஒருமுறை வளவுத் தேங்காயில் ஒரு பங்கை உடையவரின் உறவினரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு துண்டு எழுதி வாங்கினாலும் அது ஒப்புக்கொள்ளலே. பங்காளி ஒருவர் வளவில் இருப்பது மற்றைப் பங்காளிகளுக்காகவும் இருப்பதாகவே முதலிற் கருதப்படும் என்பதைப் பிரிவிக் கவுன்சில் 1911ஆம் ஆண்டிலேயே ஓர் இலங்கை வழக்கில் தீர்த்திருக்கிறது. ஆகவே ஊரில் இருக்கும் மச்சான் வீட்டைக் கூட்டித் துப்புரவாக்கிய உடனே காணி அவனுடையதாகிவிடும் என்று நடுங்க வேண்டியதில்லை.

மாறாக, யாரையும் இருத்தாமல் விட்டுவிடுவதே ஆபத்தானது. அனுமதி பெறாமல் தானே புகுந்தவன்தான் எதிராட்சி கோரக்கூடியவன். கடல் கடந்து இருந்தவர்களுக்கு அச்சட்டம் காலக் கணக்கில் ஒரு விலக்கு அளிக்கிறது. ஆனால் முப்பது ஆண்டுகள் எதிராட்சி நிலைத்துவிட்டால் அந்த விலக்கும் உதவாது. 1990ஆம் ஆண்டிலும் 1995ஆம் ஆண்டிலும் போனவர்களுக்கு முப்பது ஆண்டு இப்பொழுது நிறைந்துவிட்டது. போரினால் வழக்கிட முடியாதிருந்தவர்களின் பொருட்டு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிற் சேர்க்காதிருக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஏற்பாடு செய்தது. அதன் பயனைக் குறித்த காலத்துக்குள் வழக்குத் தொடுத்தோரே பெற முடிந்தது. செய்தி தெரியாமல் இருந்தவர் பலர்.

ஆளில்லா வீடு உலகில் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய துன்பமன்று. யப்பானில் 2023ஆம் ஆண்டு எடுத்த கணக்கெடுப்பு, அந்நாட்டில் 90 இலட்சம் வீடுகள், அதாவது நூற்றுக்கு 13.8 வீதம், வெறுமையாக இருப்பதாகக் காட்டிற்று. அங்கே போர் காரணமன்று. முதியோர் இறக்கின்றனர், பிள்ளைகள் நகரில் வாழ்கின்றனர். வீடு நிற்கும் நிலத்துக்கு வரி ஆறிலொன்றாகக் குறைக்கப்பட்டிருந்தமையால், இடிந்த வீட்டையும் இடிக்காமல் விட்டுவைப்பதே இலாபமாயிருந்தது. 2015இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஆபத்தான பாழ்வீடு என்று ஊராட்சி குறித்த வீட்டுக்கு அந்தச் சலுகையை நீக்கிற்று. வேறு வழியில்லாதபோது ஊராட்சியே இடித்துச் செலவை உடையவரிடம் அறவிடவும் அதிகாரம் கொடுத்தது. 2024 ஏப்பிரல் முதல், மரபுரிமையாகக் காணி வந்ததை அறிந்தவர் மூன்றாண்டுக்குள் அதனைத் தம் பெயரிற் பதிய வேண்டும். தவறினால் ஓர் இலட்சம் யென் வரை தண்டம் விதிக்கப்படலாம். உடையவர் யார் என்பது தெரியாமல் எந்தச் சீர்திருத்தமும் செய்ய முடியாது என்பதை யப்பானியர் தாமதமாகவே கண்டுகொண்டனர். எனினும் தண்டமும் வரியும் மட்டும் யாழ்ப்பாணத்துக்குப் போதா. பதினாறு பேருக்கும் சோலைவரி நிலுவைப் பத்திரம் அனுப்பினாலும், "மற்றவர்கள் கட்டட்டும்" என்று ஒவ்வொருவரும் மற்றப் பதினைந்து பேரைச் சுட்டுவர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் பிலடெல்பியா நகரத்தாரின் அனுபவம் இன்னும் அருகில் வருகிறது. தொழிற்சாலைகள் மூடப்பட்டபின் அந்நகரின் ஏழைக் குறிச்சிகளில் ஆயிரக்கணக்கான காணிகள் குப்பைமேடுகளாகக் கிடந்தன. உடைமையை மாற்றாமலே, குப்பை அகற்றி, நிலத்தை நிரவி, புல் விதைத்து, ஓரிரு மரம் நட்டு, முழங்காலளவுக்குச் சற்று மேலான மரக்கம்பு வேலி ஒன்றை அடைத்து, காலத்துக்குக் காலம் புல்லை வெட்டிவந்தனர். இதனாற் பயனுண்டா என்பதை அறிய 541 காணிகளைத் திருவுளச் சீட்டுப்போல் வகுத்து ஆராய்ந்தனர். முடிவு 2018இல் வெளியாயிற்று. வறுமை மிக்க குறிச்சிகளில், திருத்திய காணிகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 வீதம் குறைந்திருந்தது. ஒரு வேலியும் ஒரு புல்வெட்டும் இவ்வளவு செய்யுமோ என்று வியக்கலாம். இதனைப் பார்ப்பவன் இருக்கிறான் என்று அந்த வேலி சொல்லிற்று. வேலிக்காக வழக்காடிய யாழ்ப்பாணத்தாருக்கு வேலியின் பொருளை அமெரிக்கர் கற்பிக்க வேண்டியதாயிற்று!

உடைமையைத் தொடாமற் பயன்பாட்டைத் தொடங்குதல் என்பதே இங்கும் பொருந்தும் வழி. உறுதி பதினாறு பேர் பெயரிலேயே இருக்கட்டும். பாகப்பிரிவினை வழக்கு வேண்டுவோர் வைக்கட்டும்; 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அது தீரும்போது பேரப்பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளைக் கண்டிருப்பர். அதற்கிடையில் வளவைத் துப்புரவாக்கவும், கிணற்றை மூடவும், வேலி அடைக்கவும், இயலுமாயின் ஒரு குடும்பத்தை இருத்தவும் ஒருவருக்கு அனுமதி வேண்டும். அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு யாழ்ப்பாணத்தில் புதிய நிறுவனம் ஒன்றைத் தோற்றுவிக்க வேண்டியதில்லை. ஊர்தோறும் சனசமூக நிலையம் இருக்கிறது. பத்திரிகை படிப்பதற்கும் விளையாட்டுப் போட்டி நடத்துவதற்கும் மட்டும் பயன்படும் அந்நிலையம், குறிச்சியின் பாழ்வளவுகளுக்கு ஒரு பதிவேடு வைத்தால் எத்துணை நன்மை! எந்த வளவு, எத்தனை பரப்பு, பங்காளிகள் யார், எவருடைய தொலைபேசி எண் யாரிடம் உண்டு, கிணறு திறந்திருக்கிறதா, கூரை நிற்கிறதா என்பவை அதில் இருக்க வேண்டும். கிராம அலுவலரிடமும் பிரதேச சபையிலும் இல்லாத செய்தி முதியவர்களின் நினைவில் இருக்கிறது. இன்ன தம்பரின் மகள், இன்னாரை மணந்தவள், மக்கள் இன்ன நாட்டில் என்று மூன்று தலைமுறையைச் சொல்லக்கூடியோர் இன்னும் சிலரே எஞ்சியுள்ளனர். அவர்கள் போய்விட்டால், காணிப் பதிவகத்திற் பாட்டியின் பெயர் மட்டும் மிஞ்சும்.

பதிவேடு ஆனபின் வேலையின் ஒழுங்கு இயல்பாகவே அமைகிறது. முதலிற் கிணறு: நிலையத்தாரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் சேர்ந்து வலையோ மூடியோ இடுவிக்கலாம், நுளம்புக் குடம்பியைத் தின்னும் மீன் விடலாம், குப்பையிட்டுத் தூர்ப்பது மட்டும் கூடாது. அடுத்து வேலியும் பற்றையும். பார்த்தீனியத்தைப் பூக்குமுன் வேரோடு பிடுங்க வேண்டும். கூரை நிற்கும் வீடுகளில் ஆளை இருத்துவது மூன்றாவது. கூரை போன வளவுகளில் எல்லாம் வீடு கட்ட வேண்டும் என்பதில்லை. மாவும் பலாவும் நிற்கும் தோப்பாக இரண்டு வளவு இருப்பின் மழைநீர் இறங்குவதற்கு அது நல்லதே. ஆனால் அது பார்க்கப்படும் தோப்பாக இருக்க வேண்டும்.

யாரை இருத்துவது என்ற வினாவில்தான் பல முயற்சிகள் முறிகின்றன. நலன்புரி நிலையங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த காணியற்ற குடும்பங்கள் குடாநாட்டில் இருந்தன. ஒரு பக்கம் ஆளில்லா வீடு, மறுபக்கம் வீடில்லா ஆள். இரண்டுக்கும் இடையே நின்றது சட்டம் மட்டுமன்று. "எங்கள் வீட்டில் அந்தப் பகுதியாரை இருத்துவதோ" என்று குலம் விசாரிக்கும் குரலும் நின்றது. கறையானுக்குக் குலம் கேளாமற் கொடுத்த வீட்டை, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குக் கொடுக்கக் குலம் கேட்டனர். சொல்வதற்குக் கசப்பாயினும் இதைச் சொல்லாமல் விடுவது பொருந்தாது.

உடையவருக்குப் பாதுகாப்பு எழுத்தில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையானால் நொத்தாரிசு உறுதியாகவே எழுத வேண்டும். குத்தகைக் காலம் முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வீட்டை விரைவில் மீட்பதற்கு 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. குத்தகை வேண்டாதவர் அனுமதிப் பத்திரம் கொடுக்கலாம். அப்பத்திரத்திற் பங்காளிகளின் பெயர், வளவின் எல்லைகள், அனுமதி பெறுபவர் உடையவரின் உரிமையை ஒப்புக்கொள்கிறார் என்ற வாசகம், என்ன செய்யலாம் என்ன செய்யலாகாது என்பது, எத்தனை நாள் முன்னறிவித்தலில் விலக வேண்டும் என்பது, திருத்தச் செலவை யார் ஏற்பது என்பது ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். கட்டடத்தின் அன்றைய நிலையைக் காட்டும் நிழற்படம் இணைக்கப்பட வேண்டும். பதினாறு பேரும் ஒரே தாளில் ஒப்பமிட வேண்டும் என்பதில்லை. ஒவ்வொருவரும் தம் பங்குக்குத் தனித்தனியே எழுதி அனுப்பலாம். காணாமற்போனவரின் பங்குக்கு அவருடைய தாய் ஒப்பமிட வேண்டியதில்லை. அவருடைய பங்கும் அவ்வாறே இருப்பதை ஏற்றுக்கொள்கிறோம் என்று மற்றையோர் எழுதிவிடலாம். சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு அதைப் பார்வையிடச் செய்தல் நன்று. வளவுக்கு வளவு நிலை வேறுபடும்.

ஆவணி விடுமுறையில் வெளிநாட்டார் ஊருக்கு வருகின்றனர். கோயிற் திருவிழா முடிந்ததும் பெரும்பாலோர் பழைய வீட்டின் படலையடியில் நின்று ஒரு நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். பத்திரத்தில் ஒப்பம் வாங்குவதற்கு அந்த நாளே தக்க நாள். புரட்டாதியில் ஓடு மாற்றி, கிணற்றுக்கு மூடியிட்டுவிட்டால், ஐப்பசி மழை அந்த ஆண்டு வீட்டுக்குள் இறங்காது.